வெள்ளைச் சேலையில் விழுந்த நீலக்கறை

இரண்டாவது பிள்ளையும் கருவிலேயே போன பிறகு எங்கள் வீட்டில் ஒருவரோடு ஒருவர் கதைப்பது நின்றுபோனது. அண்ணை வேலைக்குப் போய் வந்தார். அம்மா சமைத்து மூடி வைத்தார். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் ஜெபிக்க முழங்காலில் நின்றால் வாய் திறக்கும், வார்த்தை வராது. வந்தாலும் அது கர்த்தரிடம் சொல்லத்தக்க வார்த்தையாக இருக்காது.

நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தமும் சிறுநீரும் சோதிப்பதுதான் தொழில். எதையும் வரிசைப்படுத்திப் பார்த்துப் பழகிய புத்தி எனக்கு. துக்கத்தையும் அப்படித்தான் அடுக்கினேன். அண்ணிக்குச் சீனி வருத்தம் இல்லை. பிறஷர் இல்லை. இரத்தப் பிரிவில் சிக்கல் இல்லை. அண்ணையில் குறை இல்லை. எல்லாவற்றையும் அடுக்கி முடித்தபோது ஒரு கேள்விதான் மிஞ்சியது. அப்படியென்றால் ஏன், ஆண்டவரே?

சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியை நான் சந்தோஷமாக மட்டும் எழுதவில்லை. கர்த்தர் பதில் தந்தார். அது உண்மை. அந்தப் பதில் கசந்தது என்பதும் உண்மை.

எங்கள் வீடு பண்டத்தரிப்பில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று வந்த குடும்பம். அண்ணி ஜசிந்தா குருநகரைச் சேர்ந்தவர், கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அண்ணை விரும்பிக் கட்டினார். அண்ணைக்காக அண்ணி எங்கள் சபைக்கு வந்தார். சபை அவரை ஏற்றுக்கொண்டதாகப் பதிவில் இருக்கிறது. பதிவில் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

எங்கள் பகுதியில் சனிக்கிழமைகளில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துபவர் செல்வமணி அன்ரி. அவர் கெட்டவர் இல்லை. அப்பா இறந்தபோது எங்களுக்குச் சோறு கொண்டுவந்து, சாப்பிடும்வரை பக்கத்தில் இருந்தவர் அவர்தான். அதை எழுதாமல் விட்டால் என் சாட்சி பொய்யாகும். ஆனால் முதல் பிள்ளை போனபோது அண்ணியின் கட்டிலில் உட்கார்ந்து அவர் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை.

"பிள்ளை ஜசிந்தா, உம்மடை தாய் வீட்டிலை இன்னும் சுரூபம் வைச்சுக் கும்பிடுகினம் எல்லே? வேர் அங்கை கிடக்கு. வேரை வெட்டாமல் கொப்பிலை காய் நிக்குமே?"

அண்ணி போர்வை நுனியைப் பிடித்துத் திரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் மீன் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு முட்டை. பிறகு பால். கேட்டபோது மணம் பிடிக்கவில்லை என்றார். இழப்புக்குப் பிறகு சிலருக்கு அப்படி வரும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அம்மாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி என்றுகூடச் சொல்லலாம். "இப்பதான் எங்கடை வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறா" என்று அயல்வீட்டுக்காரியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். நாங்கள் மீன் சாப்பிடாத வீட்டுக்காரரும் இல்லை. மீன்பிடிக்கிற சாதிப் பெண் என்ற அடையாளம் கழன்றதைத்தான் அம்மா அப்படிச் சொன்னார் என்று ஊர்க்காரர் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பிள்ளையும் போய்ச் சில மாதம் சென்றிருக்கும். ஒருநாள் அண்ணி அண்ணாந்து தண்ணீர் குடித்தார். விழுங்கும்போது கழுத்தின் முன்பக்கம் ஏதோ மேலே ஏறி இறங்கியதைக் கண்டேன். எல்லோருக்கும் ஏறி இறங்கும். இது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தடித்திருந்தது. உடனே மற்றவையும் வரிசையாக நினைவுக்கு வந்தன. தலைமயிர் சீப்போடு கழன்று வந்தது. வெயில் காலத்திலும் அண்ணி போர்த்துக்கொண்டு படுத்தார். எந்நேரமும் களைப்பு. அந்தக் களைப்புக்கு அம்மா வைத்த பெயர் பஞ்சி. செல்வமணி அன்ரி வைத்த பெயர் சோம்பலின் ஆவி.

இரத்தம் எடுத்துத் தைரொயிட் சோதனை செய்தேன். தைரொயிட் சுரப்பி சோர்ந்தால் ஏறுகிற ரி.எஸ்.எச். (TSH) அளவு எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அண்ணை அண்ணியைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனார். அவர் ஒரு பெண் டொக்டர், அவசரப்படாதவர். உடம்பில் அயடீன் குறைந்தாலும் இப்படி வரும், சிறுநீரில் எவ்வளவு அயடீன் போகிறது என்று பார்ப்போம் என்று எழுதித் தந்தார். ஒரு தரம் பார்த்து ஒருவரைப் பற்றி முடிவாகச் சொல்ல முடியாது, நாளுக்கு நாள் மாறும், ஆனாலும் ஒரு திசை தெரியும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அண்ணை வீட்டுக்கு வந்து சிரித்தார். "சுத்திவரக் கடல். அயடீன் குறையிறதுக்கு நாங்கள் என்ன மலைநாட்டிலையே இருக்கிறம்?"

அம்மாவும் சேர்ந்துகொண்டார். "கடற்கரையிலை பிறந்து வளந்தவவுக்கு உப்புக் குறைஞ்சு போச்சாம்!"

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை அண்ணி போத்தலில் சிறுநீர் எடுத்துத் தந்தார். அந்தச் சோதனை எங்கள் ஆய்வுகூடத்தில் செய்வதில்லை. குளிர்பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். முடிவு வரச் சில வாரம் எடுத்தது. வந்த முடிவில் அயடீன் குறைவே இல்லை. தேவைக்கு மேல் எக்கச்சக்கமாக இருந்தது. டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். அயடீன் அடங்கிய மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டார். அண்ணி இல்லை என்றார். கொஞ்சக் காலம் விட்டுத் திரும்பப் பார்ப்போம் என்று டொக்டர் அனுப்பிவிட்டார்.

செல்வமணி அன்ரிக்கு அந்தத் தாள் ஒரு வெற்றிக்கொடி. கூட்டத்தில் தூக்கிக் காட்டினார்; வேலையால் எப்போதாவதுதான் அங்கே போகிற நானும் அன்று பிந்திப் போயிருந்தேன். "பாத்தீங்களே? உடம்பிலை ஒரு குறையும் இல்லையாம். படிச்சவை சோதிச்சுச் சொல்லியிருக்கினம். அப்ப குறை எங்கை?" எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். என் கையால் அனுப்பிய மாதிரி, எனக்குத் தெரிந்த முறையில் வந்த முடிவு, அண்ணிக்கு எதிராகவே சாட்சி சொன்னது. கூட்டம் முடிய முன் அன்ரி ஒரு கட்டளையும் போட்டார். வேர் அறும்வரை அண்ணி தாய் வீட்டுக்குப் போகக்கூடாது.

அந்த மாதமே அண்ணி மூன்றாம் முறை கர்ப்பமானார்.

அண்ணியின் அப்பாவுக்குச் செய்தி போயிருக்க வேண்டும். ஒருநாள் முற்பகல் சைக்கிளில் வந்து படலையில் நின்றார். ஹான்டிலில் ஒரு பை. உள்ளே மீன். அவர் குருநகரிலிருந்து அவ்வளவு தூரம் உழக்கி வந்திருக்கிறார். அம்மா படலையைத் திறக்கவில்லை.

"அவ இப்ப மீன் தொடுறேல்லை. நீங்கள் கொண்டுபோங்கோ."

"பிள்ளையை ஒருக்கால் பாத்திட்டுப் போறன்" என்றார் அவர்.

"படுத்திருக்கிறா."

அண்ணி படுத்திருக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றார். அவருடைய அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

அன்றைக்கு நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, பிள்ளையைத் தாரும் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் நீர் பேசவில்லை. நான் எதைப் பார்க்கத் தவறினேன் என்று மட்டும் காட்டும். காட்ட விருப்பமில்லை என்றால் நான் இனிமேல் உம்மைத் தொந்தரவு செய்யவில்லை. இப்படித்தான் கேட்டேன். பணிவான ஜெபம் இல்லை. அதையும் அவர் கேட்டார்.

நற்கருணை ஞாயிறு என்றால் எங்கள் சபைப் பெண்கள் வெள்ளைப் பருத்திச் சேலை உடுப்போம். கஞ்சி போட்டு, மொடமொடப்பாக மடித்து வைத்திருப்போம். அந்த ஞாயிறும் அப்படித்தான். அண்ணி ஆராதனை முழுவதும் சேலைத் தலைப்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு இருந்தார். குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சேலைகளை மடித்தேன். அண்ணியின் சேலைத் தலைப்பில் ஒரு கறை இருந்தது. கருநீலம்.

"பேனை மை பட்டிட்டுது போல" என்றார் அம்மா.

மை இல்லை. அந்த நிறம் எனக்குத் தெரியும். மாப்பொருளில் அயடீன் பட்டால் வருகிற நிறம் அது. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குத் துண்டில் சொட்டு விட்டுப் பார்த்திருப்பீர்கள். சேலையில் இருந்தது கஞ்சி. அப்படியென்றால் அண்ணியின் கையில் இருந்தது என்ன?

சேலையை எடுத்துக்கொண்டு அண்ணியின் அறைக்குப் போனேன்.

"அண்ணி, கையைக் காட்டுங்கோ."

"ஏன் நிரோ?"

"காட்டுங்கோவன்."

முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்தில், இரண்டு கையிலும் உள்ளங்கை அகலத்துக்கு மண்ணிறப் பூச்சு. புண்ணுக்குப் போடுகிற மண்ணிற மருந்து. அதில் அயடீன் இருக்கிறது.

"ஆர் பூசினது?"

"செல்வமணி அன்ரி." அண்ணியின் குரல் இறங்கியது. "அவ போனிலை ஒரு வீடியோ பாத்தவ. பூசினது விடிய முன்னம் மறைஞ்சால் உடம்பிலை அயடீன் இல்லையாம். நிண்டால் இருக்காம். முதல் தரம் பூச மறைஞ்சு போச்சு. பிறகு எல்லாரும் சேந்து கைவைச்சு ஜெபிச்சுப்போட்டுத் திரும்பப் பூசினவை. தடிப்பாப் பூசினவை. நிண்டுது. சுகம் கிடைச்சிட்டுது எண்டு அல்லேலூயா சொன்னவை."

"எப்ப தொடங்கினது உது?"

"நான் போத்திலிலை சிறுநீர் எடுத்துத் தந்தனான் எல்லே? அதுக்கு முதல் நாள் கூட்டத்திலை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும். சுகம் நிக்குதோ எண்டு பாக்கிறவை."

தோலில் பூசினால் அது உள்ளே இறங்கும். இறங்கினது சிறுநீரில் போகும். மறுநாள் காலை எடுத்த மாதிரியில் நாங்கள் அளந்தது அண்ணியின் உடம்பை இல்லை. செல்வமணி அன்ரியின் மருந்துப் போத்தலை. அந்தப் பூச்சு மறைவதும் நிற்பதும் உடம்பில் அயடீன் இருக்கிறதா என்று சொல்லாது. வெயிலில், வியர்வையில், காற்றில் மறையும். தடிப்பாகப் பூசினால் நிற்கும். அவ்வளவுதான்.

"இதை ஏன் டொக்டரிட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் விசுவாசம் இல்லாமல் போயிடும் எண்டவை." பிறகு தானாகவே சொன்னார். "இன்னொண்டும் சொல்லேல்லை, நிரோ. மீன் மணக்குது எண்டு விடேல்லை. பொருத்தனை. பிள்ளை கையிலை கிடைக்கும்வரைக்கும் மீன், முட்டை, பால் தொடமாட்டன் எண்டு கர்த்தருக்கு முன்னாலை சொன்னனான். உபவாசத்தை வெளியிலை காட்டக்கூடாதாம். அதாலை டொக்டர் தனியாக் கேக்கவும் சாப்பிடுறனான் எண்டு சொல்லிப்போட்டன்."

எங்கள் ஆட்களால்தான் இப்படி ஒரு பிழை செய்ய முடியும். வேதத்தை வாசித்து, அதற்குக் கீழ்ப்படிந்து, ஒளித்திருந்து, ஒரு பிள்ளைக்கு வேண்டியதையெல்லாம் அந்தப் பிள்ளைக்காகவே விட்டுக்கொடுக்க.

அடுத்த நாள் நானும் கூடப் போனேன். டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. இரத்தம் திரும்பப் பார்த்ததில் ரி.எஸ்.எச். அளவு முன்னையதைவிட ஏறியிருந்தது. பூச்சை நிறுத்தச் சொன்னார். தைரொயிட் குளிசை தொடங்கினார், அயடீன் அடங்கிய விற்றமின் குளிசையும் தந்தார். பிறகு கேட்டார், "வீட்டிலை என்ன உப்பு?"

"அயடீன் சேர்த்த கல்லுப்புப் பைக்கற்தான்" என்றேன். "அம்மா கழுவிக் காயவைச்சுத்தான் பாவிக்கிறவ."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "கழுவினால் அது தண்ணியோடை போயிடுமே."

அம்மா சுத்தக்காரி. கல்லுப்பில் ஊத்தை இருக்கும் என்று மூன்று தண்ணீர் விட்டு அலசி, சுளகில் பரப்பி வெயிலில் வைப்பார். அந்தச் சுளகு முற்றத்தில் எப்போதும் கிடக்கும். நாங்கள் மற்றவர்கள் மீன் சாப்பிட்டோம், தப்பினோம். அண்ணிக்கு மீனும் இல்லை, உப்பிலும் அயடீன் இல்லை. வீட்டில் அடிக்கடி மரவள்ளிக்கிழங்கு வேறு. அதுவும் இருக்கிற கொஞ்ச அயடீனை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

"பிள்ளையின்ரை மூளை வளருற நேரம் இது, அம்மா" என்றார் டொக்டர் அண்ணியிடம். "குளிசையை விடக்கூடாது. மீனும் சாப்பிட வேணும்."

அண்ணி பஸ்ஸில் வரும் வழி முழுக்க அழுதார். பொருத்தனையை முறித்தால் கர்த்தர் பிள்ளையை எடுத்துவிடுவார் என்ற பயம். முறிக்காவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற பயம். செல்வமணி அன்ரிக்கு எப்படியோ தெரிந்து, மத்தியானத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வாயாலை சொன்னதை முறிக்கப் போறீரோ? இவ்வளவு நாளும் இருந்தது வீணாப் போகட்டோ? பிறகு ஏதும் நடந்தால் என்னைக் கேக்கக்கூடாது."

நான் அன்ரியிடம் கதைக்கவில்லை. அண்ணியிடம்தான் கேட்டேன். "மீனை விடச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது, அண்ணி? கர்த்தரோ, அன்ரியோ?"

அண்ணி இல்லையென்று தலையாட்டினார். ஒருவரும் இல்லை.

"அப்ப ஏன் மீன்? வேறை எத்தினை இருக்கு விட."

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். அம்மா அங்கே நின்றார். அண்ணி மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"கலியாணம் முடிஞ்சு வந்த புதுசிலை மாமி சொன்னவ, எத்தினை தரம் கழுவினாலும் என்ரை கையிலை மீன் மணம் போகாதாம். பிள்ளை தங்காததும் அதாலை எண்டு நினைச்சிட்டன். அந்த மணம் போனால் கர்த்தர் தருவார் எண்டு."

அன்ரி கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா என்னிடம் வந்தார். "அந்த மனுசன்ரை போன் நம்பர் இருக்கோ?" என்றார். எந்த மனிதர் என்று நான் கேட்கவில்லை. நம்பரை அழுத்திக் கொடுத்தேன். அம்மா கதைத்தது ஒரே வசனம். "அண்ணை, உங்கடை மகள் மீன் சாப்பிட வேணுமாம், கொண்டுவாங்கோ."

அவர் வந்தார். இந்த முறை படலை திறந்திருந்தது. பாரை மீனும் சூடை மீனும் கொண்டுவந்திருந்தார். அண்ணி அவரைக் கண்டதும் ஓடிப்போய்ச் சைக்கிள் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னடி, மெலிஞ்சு போனாய்" என்றார் அவர்.

அம்மாவே மீனை வெட்டினார், கறி வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. மீனைக் கழுவினார். உப்பைக் கழுவவில்லை. பைக்கற்றிலிருந்து நேரே எடுத்து, கறி இறக்குகிற நேரம் போட்டார். அதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அண்ணி சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். அது சாப்பாட்டு ஜெபம் மட்டும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அண்ணை எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு அண்ணி மீனைப் பிய்த்து வாயில் வைத்தார். அழுதுகொண்டே சாப்பிட்டார். அன்று இரவு ஏதும் நடக்குமோ என்று எல்லோரும் பயந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கர்த்தர் ஒரு துண்டு மீனுக்காகப் பிள்ளையை எடுக்கிறவர் இல்லை. அதை நாங்கள் ஆலயத்தில் அல்ல, அந்த மேசையில்தான் கற்றோம்.

பூச்சை நிறுத்தி, டொக்டர் சொன்ன காலம் பொறுத்து, மருத்துவமனைக் கிளினிக்கில் திரும்ப மாதிரி எடுத்தோம். ஒன்றல்ல, வேறு வேறு நாட்களில் பல. குளிசையும் மீனும் தொடங்கிய பிறகும் அயடீன் அளவு குறைவாகவே இருந்தது. பிறகு மெல்ல ஏறியது. ரி.எஸ்.எச். அளவு இறங்கியது. கழுத்துத் தடிப்பும் குறைந்தது. மாரி தொடங்கிய நேரம் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. குதிக்காலில் குத்தி எடுத்த இரத்தத்தின் முடிவு வரும்வரை எனக்கு நித்திரை இல்லை. பிள்ளையின் தைரொயிட் சரியாக வேலை செய்கிறது என்று வந்தது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு ஆய்வுகூடத்தின் பின்பக்கம் நின்று, வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். நெடுங்காலத்துக்குப் பிறகு வார்த்தை வந்தது.

ஞானஸ்நான விருந்துக்குச் செல்வமணி அன்ரியும் வந்தார். பிள்ளையை வாங்கி முத்தமிட்டார். கண் கலங்கினார், அது நடிப்பு இல்லை. பிறகு அண்ணியிடம் சொன்னார், "வாற சனிக்கிழமை கூட்டத்திலை எழும்பிச் சாட்சி சொல்ல வேணும், பிள்ளை. உபவாசத்தின்ரை பலன் எண்டு எல்லாரும் அறியட்டும்."

அண்ணி அவருடைய கோப்பையில் ஒரு பெரிய துண்டு பாரை வைத்தார். "என்ரை அப்பா பிடிச்ச மீன், அன்ரி. முதல் சாப்பிடுங்கோ. பிறகு கதைப்பம்."

அன்ரி சாப்பிட்டார். சாட்சியைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை. சொல்லாமல் போன அந்தச் சாட்சியைத்தான் அண்ணியின் சம்மதத்தோடு நான் எழுதுகிறேன்.

முதல் பிள்ளை ஏன் போனது என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். இரண்டாவது பிள்ளை தைரொயிட் சோர்வால் போயிருக்குமோ என்று கேட்டபோது, "இருக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லோடு நாங்கள் வாழவேண்டும். ஆண்டவரே, கறையைக் காட்ட உமக்கு ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்று நான் இன்னும் கேட்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. முன்பு நான் அவரிடம் நல்ல வார்த்தை மட்டும் கொண்டுபோனேன். இப்போது உள்ளதைக் கொண்டுபோகிறேன். என் வாழ்வில் மாறியது இதுதான்.

உங்களில் பிள்ளைக்காகக் காத்திருக்கிற சகோதரி யாராவது இதை வாசித்தால், கர்த்தரை நம்புங்கள். கசப்போடு போனாலும் அவர் தள்ளமாட்டார், என்னைத் தள்ளவில்லை. அவரிடம் சொன்ன பொருத்தனையை உங்கள் டொக்டரிடமும் சொல்லுங்கள். கையில் ஒன்றையும் பூசாதீர்கள். உங்களைக் குற்றம் சொல்லி யாராவது கட்டிலில் வந்து உட்கார்ந்தால், எழுந்து போய் நன்றாகச் சாப்பிடுங்கள்.

அந்தச் சேலையை நாங்கள் தோய்க்கவில்லை. அண்ணி அதை மடித்து வைத்திருக்கிறார். மகள் வளர்ந்து கேட்டால் காட்டுவாராம்.